சாரல் காலத்து புரூடர்: சூடு சரியாக இருந்தும் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்துகின்றன

புளியரைக்காரன் | செங்கோட்டை வட்டம் | ஜூலை 4, காலை 6:40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நாள் வயதில் சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 50 வாங்கி வளர்க்கிறேன். இன்று 12ஆம் நாள். முதல் வாரத்திலேயே மூன்று இறந்துவிட்டன, மீதி 47. நேற்று மாலை தீவனம் வைக்கப் போனபோது ஒரு குஞ்சின் வாலடியில் ரத்தம். நாலைந்து குஞ்சுகள் அதைத் துரத்தித் துரத்தி அதே இடத்தில் கொத்திக்கொண்டிருந்தன. இன்று காலையில் பார்த்தால் மூன்றுக்குக் காயம். ஒன்றுக்குத் தோலே கிழிந்திருக்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

நான் செய்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். புரூடர், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பு: மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் ஒன்றரை அடி உயரத் தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தியிருக்கிறேன். குறுக்களவு ஐந்து அடி. தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி, முதல் மூன்று நாள் அதன்மேல் செய்தித்தாள். நடுவில் 60 வாட் குண்டு பல்பு இரண்டு, இரவும் பகலும் எரிகின்றன. கடையில் வாங்கிய, இளங்குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர் தீவனம். 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து விட்டாயிற்று. ஆரியங்காவுக் கணவாய்க் காற்றும் சாரலும் நேராகக் கொட்டகைக்குள் அடிக்கும் என்பதால் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடிவிட்டேன். வெப்பமானியைத் தகரத்தில் கட்டி, முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், இப்போது 90 என்று தவறாமல் பார்த்து வருகிறேன்.

சூடு இருக்கிறது, தீவனம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. பிறகு ஏன் இப்படிச் செய்கின்றன?

---

கொழிஞ்சாம்பாறை அக்கா | பாலக்காடு மாவட்டம் | ஜூலை 4, காலை 7:25

தம்பி, முதலில் போய் அந்த மூன்றையும் பிரித்து எடு. மீதியை அப்புறம் படிக்கலாம். ரத்தத்தைக் கண்டால் குஞ்சு விடாது, சும்மா இருந்த குஞ்சும் சேர்ந்து கொத்தப் பழகிவிடும். கொதித்து ஆறிய தண்ணீரில் காயத்தைக் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துத் தடவு. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில் போட்டால் கத்திக் கத்தியே சோர்ந்துவிடும். ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் நடுநடுவே கம்பிவலை தடுத்து, ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியும்படி வை. அதற்கும் சூடு வேண்டும், மறந்துவிடாதே.

எடுத்தாயிற்றா? சரி. இப்போது அந்தத் தகர வட்டத்துக்குள் மண்டியிட்டு, முகத்தைக் குஞ்சின் உயரத்துக்கு இறக்கி ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பார். நின்றுகொண்டு மோந்தால் ஒன்றும் தெரியாது. கண்ணில் கரகரப்பு வந்தால் அது எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. நாம் ஒரு நிமிடம் தாங்காத அந்தக் காற்றில்தான் அவை நாள் முழுக்க இருக்கின்றன.

எங்களுக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு. ஆனி, ஆடியில் கதவைத் தாழ் போடாமல் வைக்க முடியாது. நானும் முதல் வருஷம் உன்னைப் போலத்தான் நாலு பக்கமும் மூடினேன். குளிரில் சாகவில்லை, ஆனால் கண் வீங்கி, மூக்கு ஒழுகிப் பாதிக் குஞ்சு தேறவே இல்லை. இப்போது கீழே மூன்றடிக்கு மட்டும் கட்டுகிறேன். மேலே, கூரையை ஒட்டி, காற்று வராத பக்கம் திறந்தே கிடக்கும். காற்று குஞ்சின் மேல் படக்கூடாது, அதன் தலைக்கு மேலே போய்வர வேண்டும்.

இன்னொன்று இடம். ஐந்தடி வட்டம் என்பது ஏறக்குறைய 19.5 சதுர அடி. நாலு வாரம் வரை குஞ்சுக்கு அரை சதுர அடி என்று வைத்தால் 47க்கு 23.5 வேண்டும். முதல் வாரத்துக்கு உன் வட்டம் தாராளம், இப்போது நெருக்கடி. மூன்றடிக்குச் சற்று அதிகமான தகரம் ஒன்றைச் சேர்த்து ஆறடி வட்டமாக்கு, 28 சதுர அடி கிடைக்கும். சின்ன வேலை, இன்றைக்கே முடியும்.

---

பள்ளிப்பட்டு சாலை | ஆந்திர எல்லை | ஜூலை 4, காலை 8:10

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். வெப்பமானியைத் தகரத்தில் கட்டியிருக்கிறேன் என்கிறீர்கள். பல்புக்குக் கீழே, உமியிலிருந்து இரண்டு அங்குலத்தில், குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பார்த்தீர்களா?

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதனால் நாங்கள் குளிருக்குப் பயப்படுவதைவிடச் சூட்டுக்கே அதிகம் பயப்படுவோம். பகலில் பல்பை அணைத்துவிட்டு ஈரச்சாக்குத் தொங்கவிடும் ஊர் இது. சூடு மிஞ்சினால் குஞ்சுக்கு எரிச்சல் வரும், கொத்தும். வெப்பமானியைவிடக் குஞ்சுகள் படுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கத்தினால் குளிர். வாயைத் திறந்து, இறக்கையை விரித்து, ஓரத்தில் ஒட்டி நின்றால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் எங்கோ ஓட்டை இருக்கிறது, காற்று வருகிறது. பரவலாகப் படுத்து, கழுத்தை உமியில் நீட்டித் தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம்.

---

புளியரைக்காரன் | ஜூலை 4, காலை 10:50

மூன்றையும் பிரித்துவிட்டேன் அக்கா. மருந்தும் போட்டாயிற்று.

பள்ளிப்பட்டு அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வெப்பமானியை எடுத்துப் பல்புக்குக் கீழே உமிக்கு மேல் வைத்தேன். 103 காட்டியது. தகரம் சாரலில் சில்லென்று இருந்திருக்கிறது, அதில் கட்டிய வெப்பமானி 90 காட்ட வேண்டும் என்பதற்காக நான் பல்பை இறக்கி இறக்கி வைத்திருக்கிறேன். குஞ்சுகள் நடுவில் நிற்க முடியாமல் ஓரத்தில் வளையம் கட்டி நின்றன. நான் அதைப் பார்த்தேன், ஆனால் காரணத்தை யோசிக்கவில்லை. ஐந்தடி வட்டத்தில் அவற்றுக்கு உண்மையில் கிடைத்தது ஓரத்து ஒரு சாண் இடம்தான்.

அக்கா சொன்னபடி மண்டியிட்டும் பார்த்தேன். அரை நிமிடம்கூட இருக்க முடியவில்லை. தண்ணீர்க் குடுவையைச் சுற்றி உமி களியாகக் கிடந்தது. வாரி எடுத்துவிட்டுப் புது உமி போட்டேன். குடுவையை ஒரு பலகைத் துண்டின்மேல் ஏற்றி வைத்தேன். பல்பை உயர்த்திவிட்டேன். இப்போது கீழே 90, ஓரத்தில் 80 சொச்சம். மாலையில் தகரம் வாங்கப் போகிறேன்.

---

கமுகுத்தோட்டம் | களியக்காவிளை | ஜூலை 4, மாலை 4:15

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. சூடு, இடம், காற்று மூன்றும் நேராகிவிட்டது. ஆனாலும் கொத்து முழுசாக நிற்காது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் அடைவைத்த கோழி ஒன்று போன வாரம்தான் 11 குஞ்சுகளோடு இறங்கியது. இன்று மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கமுகு மட்டை விழுந்து மக்கிய இடத்தில் நின்று வலக்காலால் இரண்டு கீறு, இடக்காலால் ஒரு கீறு, உடனே ஒரு எட்டுப் பின்னால் வைத்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு புழுவை அலகால் எடுத்துக் கீழே போட்டது, மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. அதோடு அந்த 'கொக் கொக்' சத்தம். பதினொன்றும் ஓடிவந்தன. ஒன்றுக்குப் புழு, பத்துக்கு ஏமாற்றம். அந்தப் பத்தும் சும்மா நிற்கவில்லை, அம்மா கீறிய இடத்திலேயே தாங்களும் கீற ஆரம்பித்தன. பத்து நாள் வயதுதான். அப்புறம் ஒரு வேர் மேட்டில் மூன்று ஏறி நின்றன. வெயில் பட்ட புழுதியில் இரண்டு உடம்பைப் புரட்டின. அரை மணியில் அம்மா இறக்கையை விரித்து உட்கார்ந்தது, பதினொன்றும் இருட்டுக்குள் போய்விட்டன. சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி வேலை.

இதைப் பார்த்துவிட்டு உங்கள் தகர வட்டத்தை நினைத்துப் பாருங்கள். தீவனம் தட்டில் நிறைய இருக்கிறது, பத்து நிமிடத்தில் வயிறு நிறைந்துவிடும். மீதி நேரம் முழுக்க என்ன செய்யும்? கொத்துவதற்கென்றே பிறந்த உயிர் அது. உமியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின் எதிரே முளைத்து நிற்கும் இறகைக் கொத்தும். 12 நாளில் புது இறகுக் குருத்தில் ரத்தம் ஓடும், ஒரு கொத்தில் சிவந்துவிடும். ராத்திரியும் 120 வாட் வெளிச்சம். தாய்க்கோழியின் அடியில் கிடைக்கும் இருட்டு இவற்றுக்கு ஒரு நாள்கூடக் கிடைத்ததில்லை. சூட்டைக் கொடுத்துவிட்டோம், தாயின் மற்ற வேலைகளை யார் செய்வது? நாம்தான் செய்ய வேண்டும்.

என் வழக்கம் இது. அகத்திக் கீரையோ முருங்கைக் கொழுந்தோ ஒரு கைப்பிடி எடுத்துச் சணல் கயிற்றில் கட்டி, குஞ்சு கழுத்தை நீட்டினால் எட்டும் உயரத்தில் தொங்கவிடுவேன். கீழே போட்டால் மிதித்து வீணாக்கும். தொங்கினால் ஆடும், ஆடுவதைப் பிடிக்கத் துள்ளும், அதுதான் வேண்டும். கமுகு வாரியையோ மூங்கிலையோ தரையிலிருந்து மூன்று அங்குலத்தில் இரண்டு செங்கல்லின்மேல் குறுக்கே வைப்பேன். பழைய இரும்புச் சட்டியில் காய்ந்த ஆற்றுமணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து வைப்பேன், புழுதிக் குளியலுக்கு. பச்சையும் புழுவும் தின்னும் குஞ்சுக்கு அரைக்கப் பொடிமணல் தேவை, அதையும் அந்தச் சட்டியிலேயே பொறுக்கிக்கொள்ளும். தீவனத்தில் கால் பங்கைத் தட்டில் வைக்காமல் உமியின்மேல் தூவிவிடுவேன். ஆனால் உமி காய்ந்திருந்தால் மட்டும். ஈர உமியில் தூவினால் ரத்தக்கழிச்சலை நாமே கூப்பிட்ட மாதிரி.

ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு, அங்கே பழைய பருத்தித் துணியைக் கீற்றுக் கீற்றாகத் தொங்கவிட்டு, பல்பின் சூடு எட்டும் தூரத்தில் வையுங்கள். பல்பில் அட்டையும் துணியும் படவே கூடாது, ஒன்றரை அடியாவது தள்ளி இருக்கட்டும். முதல் நாள் சந்தேகப்படும், இரண்டாம் நாள் வரிசையாக உள்ளே போகும். இரண்டு பல்பையும் சிவப்பு பல்பாக மாற்றுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் பளிச்சென்று தெரியாது.

கறையானைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் விடியற்காலையில் பானைக்குள் கறையான் நிறைந்திருக்கும். வெயில் ஏறும் முன் எடுத்துக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். புரதம் அது. குஞ்சு வளர்வதும் தெரியும், கொத்து நிற்பதும் தெரியும். தென்னைக்கோ வீட்டுக்கோ கறையான் மருந்து அடித்த இடத்துப் புற்றை மட்டும் தொடாதீர்கள்.

---

எல்லைப்பண்ணை | பொள்ளாச்சி, கோபாலபுரம் சாலை | ஜூலை 4, இரவு 8:30

பெரியவர் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1000 குஞ்சு வளர்ப்பவர் கீரையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருக்க முடியுமா? கொத்து வந்தால் 7 முதல் 10 நாளுக்குள் அலகு நுனியைச் சுட்டுவிடுகிறோம், அத்தோடு முடிந்தது. 47 குஞ்சுக்கு ஒரு மணி நேர வேலை.

---

கொழிஞ்சாம்பாறை அக்கா | ஜூலை 4, இரவு 9:05

தம்பி, உங்கள் பண்ணையில் குஞ்சு கடைசி வரை கூண்டிலோ கொட்டகையிலோ தட்டில்தான் தின்னும். இவர் வளர்ப்பது வயல்காட்டில் விடப்போகும் சிறுவிடை. அலகு நுனி போனால் அது புல் விதையை எப்படிப் பொறுக்கும், உண்ணியை எப்படிக் கொத்தி எடுக்கும்? அலகு நுனியில் உணர்ச்சி நரம்பு இருக்கிறது, சுட்டால் வலிக்கும். வலியை நீங்கள் கணக்கில் வைக்காவிட்டாலும், சுட்ட குஞ்சு இரண்டு மூன்று நாள் தீவனம் குறைத்துத் தின்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

1000க்கும் வழி இருக்கிறது. என்னிடம் கேரளத்து மண்ணுத்தியில் உருவான கிராமஸ்ரீ இனக் குஞ்சு 300 இருந்தபோது ஒவ்வொரு வட்டத்துக்கும் 100 என்று பிரித்து, கீரைக்கட்டுக்குப் பதில் முழு முட்டைக்கோஸை வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டேன். ஒரு கோஸ் இரண்டு நாள் தாங்கும்.

புளியரைத் தம்பி, இரண்டு விஷயம். செய்தித்தாளை இனி போடாதே, கால் வழுக்கி இடுப்பு விரிந்துவிடும். முதல் வாரம் போன மூன்றில் கால் அகட்டிப் படுத்த குஞ்சு இருந்ததா? அடுத்த முறை பழைய சாக்கைத் துவைத்துக் காயவைத்து விரி. அப்புறம், 14ஆம் நாள் போட வேண்டிய கம்போரோ நோய்த் தடுப்பு மருந்து நாளை மறுநாள். ஐஸ் வைத்து வாங்கி வா. ஒவ்வொன்றாகக் கையில் பிடிக்கும்போது வாலடியையும் ஆசனவாயையும் திருப்பிப் பார்த்துவிடு.

---

எல்லைப்பண்ணை | ஜூலை 4, இரவு 9:40

வலைப்பை யோசனையைச் செய்துபார்க்கிறேன் அக்கா. அடுத்த தொகுதி வியாழக்கிழமை வருகிறது.

---

புளியரைக்காரன் | ஜூலை 8, காலை 7:15

ஆமாம் அக்கா, மூன்றில் ஒன்று கால் அகட்டியேதான் கிடந்தது. பிறவிக் குறை என்று நினைத்திருந்தேன்.

தோல் கிழிந்த குஞ்சு மறுநாள் இரவு இறந்துவிட்டது. மற்ற இரண்டும் ஆறிவருகின்றன. மொத்தம் 46.

வட்டம் இப்போது ஆறடி. மேற்குப் பக்கத் தார்ப்பாய் அப்படியே இருக்கிறது, கிழக்கே மேல்பாதியைச் சுருட்டிவிட்டேன். எங்கள் வீட்டுப் பின்னால் அகத்தி இருப்பதால் கீரைக்குப் பஞ்சமில்லை. முதல் நாள் கட்டித் தொங்கவிட்டதும் எல்லாம் சிதறி ஓடிவிட்டன, பாம்பைக் கண்டது மாதிரி. நான் அங்கேயே குந்திக்கொண்டு, கமுகுத்தோட்டம் ஐயா சொன்ன கோழியை நினைத்து, கீரையை விரல் நுனியால் தட்டினேன். டக் டக் டக். ஒரு குஞ்சு, கழுத்தில் மஞ்சள் கோடு போட்டது, கிட்டே வந்து என் நகத்தைக் கொத்தியது. பிறகு நகத்துக்குப் பக்கத்திலிருந்த இலையைக் கொத்தியது. ஒரு இலை பிய்ந்தது, அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அவ்வளவுதான், மற்ற எல்லாம் அதன் பின்னால். அன்று மாலைக்குள் காம்பு மட்டும்தான் கயிற்றில் தொங்கியது.

மூங்கிலில் நேற்று ஆறு ஏறின. சட்டி மணலில் எந்நேரமும் இரண்டு கிடக்கின்றன. துணி தொங்கும் பெட்டிக்குள் இரவு ஏறக்குறைய எல்லாமே போய்விடுகின்றன, இட நெருக்கடிதான், இன்னொரு பெட்டி வைக்கப்போகிறேன். புதுக் காயம் இரண்டு நாளாக இல்லை. கம்போரோ மருந்தும் விட்டாயிற்று.

ஒரு சந்தேகம். காற்றில் கம்பி அறுந்து இங்கே இரவு மின்சாரம் போனால் வர நேரமாகும். வாளியில் அடுப்புக்கரி போட்டுப் பற்றவைத்துப் பக்கத்தில் வைக்கலாமா?

---

கம்பம் மேட்டார் | தேனி மாவட்டம் | ஜூலை 8, காலை 8:00

வைக்காதீர்கள். இதற்காகவே எழுதுகிறேன். ஒரு மார்கழி இரவு கம்பம்மெட்டுப் பனிக்குப் பயந்து, மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் 30 குஞ்சும் இறந்து கிடந்தன. புகை கண்ணுக்குத் தெரியவே இல்லை, கரி கனன்றுகொண்டுதான் இருந்தது. மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்த அறையில் நான் படுத்திருந்தால் நானும் இருந்திருக்க மாட்டேன்.

இரண்டு லிட்டர் புட்டிகளில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, நன்றாக மூடி, சாக்கில் சுற்றி அந்தத் துணிப் பெட்டிக்குள் படுக்க வையுங்கள். மேலே இன்னொரு சாக்கு, காற்றுக்கு ஒரு ஓரம் விட்டு. 46 குஞ்சின் உடம்புச் சூடே பெட்டியை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளும். இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து வெந்நீர் மாற்ற வேண்டியிருக்கும். 16 நாள் குஞ்சுக்கு அது போதும்.

---

புளியரைக்காரன் | ஜூலை 12, காலை 6:20

கம்பம் அண்ணா, உங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை இல்லை. முந்தாநாள் இரவு 11 மணிக்குப் போன மின்சாரம் விடியற்காலை 5 மணிக்குத்தான் வந்தது. நானும் அம்மாவும் மாறி மாறி வெந்நீர் வைத்தோம். 46ம் இருக்கின்றன. வாளியையும் கரியையும் மதியமே கொட்டகையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டேன், அவசரத்தில் கைபோய்விடக் கூடாது என்று.

---

கமுகுத்தோட்டம் | ஜூலை 12, காலை 9:30

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இனி வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். உடம்பு முழுக்க இறகு மூடிவிட்டால் பல்பு எதற்கு? மழை விட்ட நேரத்தில் அரை மணி வெளியே விட்டுப் பழக்கலாம். பருந்துக்கும் கீரிக்கும் பயம் என்றால் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதற்குள்.

---

புளியரைக்காரன் | ஜூலை 23, இரவு 7:50

இன்று 31ஆம் நாள். நான்கு நாளாகப் பகலில் பல்பு இல்லை, நேற்று இரவும் அணைத்தே வைத்தேன். பெட்டிக்குள் போகவில்லை. மூங்கிலை ஒரு அடிக்கு உயர்த்தி இன்னும் இரண்டு சேர்த்திருந்தேன், அதில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன, இடம் கிடைக்காதவை செங்கல்மேல்.

மத்தியானம் சாரல் விட்டதும் வரப்போரம் விட்டேன். மஞ்சள் கோட்டுக் குஞ்சுக்கு இப்போது அந்தக் கோடு மறைந்து செம்பழுப்பு இறகு வந்துவிட்டது, ஆனாலும் அடையாளம் தெரிகிறது. வரப்பு மண்ணில் வலக்காலால் இரண்டு, இடக்காலால் ஒன்று கீறி, ஒரு எட்டுப் பின்னால் வைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அதற்குத் தாயில்லை ஐயா, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.